மலையடிவாரத் தோட்டங்களுக்குச் சான்று: யாருக்கு என்ன பயன்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் மேற்கு மலையடிவாரத்தை ஒட்டி மா, தென்னை, புளி, எலுமிச்சைத் தோட்டங்கள் வைத்திருக்கும் விவசாயிகளிடையே சில ஆண்டுகளாகச் "சான்று" என்ற பேச்சு அடிபட்டு வருகிறது. இயற்கை விவசாயச் சான்று வாங்கினால் கிலோவுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்று ஒருவர் சொல்கிறார். காட்டை அழிக்காமல் விளைந்த பொருள் என்று காட்டினால்தான் இனி வெளிநாட்டுக்குச் சரக்கு போகும் என்று மற்றொருவர் சொல்கிறார். பணம் கட்டி, பதிவேடு எழுதி, மூன்று ஆண்டு காத்திருந்து, கடைசியில் பழைய விலைக்கே காயைக் கொடுத்துவிட்டு நொந்துபோகிறவர்களும் உண்டு. ஆகவே எந்தச் சான்று எதற்கு, அதனால் தோட்டக்காரருக்கும் மேலே உள்ள காட்டுக்கும் என்ன பயன் என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்வது நல்லது.

சான்று நமக்குப் புதிதல்ல. பருத்தி விதைப் பையில் தைத்திருக்கும் நீல அட்டையைப் பார்த்து வாங்கிப் பழகியவர்கள் நம் விவசாயிகள். வெள்ளை அட்டை என்றால் ஆதார விதை, நீல அட்டை என்றால் சான்று விதை. அந்த அட்டை இனத்தூய்மைக்கும் முளைப்புத் திறனுக்கும் உறுதி கூறும். மகசூலுக்கும் விலைக்கும் உறுதி கூறாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டில் கிடைத்த புவிசார் குறியீடும் ஒருவகைச் சான்றே. பண்டம் எந்த ஊரில் கிண்டியது என்பதை அது சொல்லும். மாடு எந்த மேய்ச்சலில் நின்றது, தீவனத்துக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்பதைச் சொல்லாது. எந்தச் சான்றானாலும் அது எதை அளக்கிறதோ அதற்கு மட்டுமே பொறுப்பு. இதை மனத்தில் கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எது எதற்குச் சான்று?

இப்பகுதி விவசாயிகளுக்கு முதலில் எட்டக்கூடியது அங்ககச் சான்று. இரசாயன உரம், பூச்சி மருந்து, களைக்கொல்லி, மரபணு மாற்றிய விதை ஆகியவை இல்லாமல் விளைந்தது என்பதற்கான சான்று இது. மத்திய அரசின் தேசிய அங்கக உற்பத்தித் திட்டம் 2001 முதல் நடைமுறையில் உள்ளது. தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டு கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு அரசே ஓர் அங்ககச் சான்றளிப்பு அமைப்பைத் தொடங்கியது. விதைக்குச் சான்று தரும் துறையே இதையும் கவனிக்கிறது. தனியார் சான்று நிறுவனங்களும் உள்ளன. ஏற்றுமதிக்கும் ஆலைகளுக்கும் இந்தச் சான்றே செல்லும்.

உள்நாட்டு விற்பனைக்கு மட்டும் போதும் என்றால் பங்கேற்பு உறுதிச் சான்று என்ற எளிய முறை இருக்கிறது. ஒரே ஊரிலோ அடுத்தடுத்த ஊர்களிலோ உள்ள குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்வையிட்டு உறுதி கூறுவது இதன் அடிப்படை. செலவு மிகக் குறைவு. ஆனால் ஏற்றுமதிக்கு இதை ஏற்பதில்லை.

மரத்துக்கும் காட்டுக்குமான சான்று வேறு. வெப்பமண்டலக் காடுகள் அழிவதைக் கண்டு, மேல்நாட்டு மரக்கடைகளில் வாங்குவோரே "இந்த மரம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கத் தொடங்கியதன் விளைவாக 1993-இல் எப்.எஸ்.சி. என்ற சர்வதேச அமைப்பு தோன்றியது. காகிதப் பெட்டிகளிலும் நோட்டுப் புத்தகங்களிலும் அதன் மரச்சின்னத்தைக் காணலாம். காட்டைப் பராமரிக்கும் முறைக்கு ஒரு சான்று. அந்த மரம் ஆலை, கடை என்று கைமாறிச் செல்லும் வழிக்கு மற்றொரு சான்று. ஒரு வேடிக்கை என்னவென்றால், வெப்பமண்டலக் காடுகளுக்காகப் பிறந்த இந்தச் சான்றைப் பெரும்பாலும் பெற்றிருப்பவை குளிர்நாட்டுக் காடுகளே. பெரிய நிலப்பரப்பும் கணக்கு எழுத ஆளும் உள்ளவர்களுக்கு இது எளிது. இந்தியாவில் 2023 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நமக்கென்றே ஒரு வன, மரச் சான்றுத் திட்டத்தை அறிவித்தது. காட்டுக்கு வெளியே, பட்டா நிலங்களில் வளரும் மரங்களுக்கும் அதில் இடம் உண்டு.

தேயிலை, காப்பித் தோட்டங்களுக்குப் பச்சைத் தவளைச் சின்னம் கொண்ட ரெயின்பாரஸ்ட் அலையன்ஸ் சான்று உண்டு. 2014 ஜனவரி 1-க்குப் பிறகு இயற்கைக் காட்டை அழித்து உண்டாக்கிய தோட்டத்துக்கு இது கிடைக்காது. நம் மாநிலத்து மலைத் தோட்டங்கள் பல இதைப் பெற்றுள்ளன. நமது அடிவார மாந்தோப்புகளை இது இன்னும் எட்டவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய காடழிப்புத் தடை விதி பற்றியும் ஒரு வார்த்தை. கால்நடை, கோகோ, காப்பி, பாமாயில், ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழுக்கும் அவற்றிலிருந்து செய்யும் பொருள்களுக்குமே அது பொருந்தும். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்திருக்கக் கூடாது என்பது விதி. அதை அமல்படுத்தும் நாள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போடப்பட்டது. மாவும் தேங்காயும் பருத்தியும் அந்தப் பட்டியலில் இல்லை. கன்னியாகுமரி ரப்பர்க்காரர்கள் கவலைப்படலாம். ராஜபாளையம் மாந்தோப்புக்காரர் இதைச் சொல்லி யாரும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

மலையில் இருப்பது என்ன?

இந்த மலைத்தொடரில்தான் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-இல் சுமார் 485 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் இதையும் மேகமலைச் சரணாலயத்தையும் இணைத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். மொத்தப் பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தமிழ்நாட்டில் இது ஐந்தாவது புலிகள் காப்பகம். வைப்பாற்றுக்கு நீர் தரும் ஓடைகள் இந்தச் சரிவிலிருந்துதான் இறங்குகின்றன. ராஜபாளையம் நகரம் குடிக்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துத் தண்ணீரும், வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் அணைகளுக்கு வரும் தண்ணீரும் இந்தக் காடு பிடித்து வைத்துத் தருவதே. மானாவாரிக் கரிசல் அதிகமுள்ள விருதுநகர் மாவட்டத்தில் கிணற்றில் ஊற்று இருக்கும் தோட்டங்கள் அடிவாரத்தில் இருப்பது தற்செயல் அல்ல.

சாம்பல் நிற அணில் தரையில் இறங்குவதை விரும்பாத பிராணி. ஒரு மரத்தின் கிளையிலிருந்து அடுத்த மரத்தின் கிளைக்குத் தாவியே போக வேண்டும். கிளைகள் கோத்து நிற்கும் உயர்ந்த மரங்களில் இலையும் குச்சியும் வைத்துக் கூடு கட்டும். ஓடைக்கரை மரங்களும், அவற்றைத் தொட்டு நிற்கும் பழைய மா, புளியந்தோப்புகளும் அதற்கு வீடு. செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில் பக்கங்களில் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் காயைக் கடித்துப் போடும் அணிலைத் தினமும் பார்க்கிறார்கள்.

காப்பகத்தின் எல்லைக்கல் வரை வனத்துறையின் பொறுப்பு. எல்லைக்கல்லுக்கு இப்பால் உள்ள பட்டாத் தோப்பில் ஐம்பது, அறுபது வயதான நாட்டு மாவையும் புளியையும் வைத்திருப்பதா வெட்டுவதா என்று முடிவு செய்பவர் தோட்டக்காரர். பெரிய மரம் ஓராண்டு காய்த்து ஓராண்டு ஓய்வெடுக்கும். மருந்து அடிக்கவும் காய் பறிக்கவும் ஆள் கிடைப்பதில்லை. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் இந்த மண்ணுக்கே உரிய சுவை என்றாலும் தொலைதூரச் சந்தை கேட்கும் ரகங்கள் வேறு. எனவே பழைய மரத்தை விறகுக்கு விற்றுவிட்டு அடர் நடவில் குட்டை மரங்கள் வைக்கிறார்கள். அல்லது தென்னைக்கு மாறுகிறார்கள். சாலையோரமானால் மனை போடுகிறார்கள். ஒவ்வொருவர் கணக்கும் அவரவர் அளவில் சரியே. ஆனால் நடுவில் நான்கு தோப்பு போய்விட்டால் கிளைப்பாலம் அறுந்துவிடும். அணில் அந்த இடைவெளியைத் தாண்டாது.

தோட்டக்காரர் மரத்தை நிற்கவிடுவதற்கு யாராவது விலை கொடுக்க வேண்டும். சான்றைப் பற்றி இந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அங்ககச் சான்றில் காட்டுக்கு இடம் உண்டா?

உண்டு, ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டும். தேசிய அங்ககத் தரத்தில் ஆதிக்காட்டை அழிப்பது தடை செய்யப்பட்டுள்ளது. வேலி, மரக்கூட்டம், ஓடைக்கரை போன்ற உயிரினப் புகலிடங்களைப் பண்ணையில் பராமரிக்க வேண்டும் என்றும் உள்ளது. இலை தழைகளை எரிப்பதையும் அது கட்டுப்படுத்துகிறது. நடைமுறையில் ஆய்வாளர் வரும்போது உரமூட்டை, மருந்து டப்பா, பில், பதிவேடு ஆகியவற்றைத்தான் அதிகம் பார்ப்பார். மரங்களைப் பற்றிய பகுதி ஒரு வரியோடு முடிந்துவிடும்.

ஆகவே விண்ணப்பத்துடன் தரும் பண்ணை வரைபடத்திலேயே ஓடை எங்கே, அதன் கரையில் உழாமல் விட்ட அகலம் எத்தனை அடி, பழைய மரங்கள் எத்தனை, காட்டுப் பக்கத்து எல்லை எது என்று குறித்துவிட வேண்டும். ஆண்டு தோறும் ஆய்வு நடக்கும்போது அந்த எண்ணிக்கையும் சரிபார்க்கப்படும். வாங்குபவரிடம் "மருந்தடிக்காத பழம்" என்பதோடு "அணில் வாழும் தோப்புப் பழம்" என்றும் சொல்ல அதுவே ஆதாரம். சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில் இதற்கு விலை தரும் வாடிக்கையாளர் இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைவு, ஆனால் நம் தோப்புகளும் அப்படியொன்றும் கணக்கிலடங்காதவை அல்ல.

ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளும், மா, தென்னை போன்ற நீண்டகாலப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும் மாறுதல் காலமாகக் கொள்ளப்படும். பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்தால் காற்றில் வந்து விழாதபடி இடைவெளி அல்லது உயிர்வேலி இருக்க வேண்டும். காட்டை ஒட்டிய தோப்புக்கு இதில் ஒரு சௌகரியம்: ஒரு பக்கமாவது மருந்தடிக்காத அண்டை வீட்டுக்காரர் இருக்கிறார்.

மாவில் தத்துப்பூச்சிக்குப் பூக்கும் தருணத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல் அல்லது 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். பழ ஈக்கு மெத்தில் யூஜினால் பொறி சிறந்தது. ஆனால் வழக்கமான பரிந்துரையில் அந்தப் பொறிக்குள் மாலத்தியான் கலப்பதுண்டு. அங்ககத் தோட்டத்தில் அதைக் கலக்கும் முன் சான்று அமைப்பிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ள வேண்டும். விட்ட ஆண்டிலும் காய்க்க வைக்கும் பாக்லோபூட்ரசால் மருந்தை மரத்தடியில் ஊற்றுவது அறவே கூடாது. தென்னையில் வேர் மூலம் மருந்து கட்டுவதையும் நிறுத்தியாக வேண்டும். காண்டாமிருக வண்டுக்கு எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சாணமும் இனக்கவர்ச்சிப் பொறியும் போதுமானவை. 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்டு மாநிலமெங்கும் பரவிய ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயைப் பொறுத்தவரை, மருந்தடித்தவர்களைவிட அடிக்காதவர்களே பிழைத்தார்கள் என்பது என் கருத்து. ஈயைத் தின்று அடக்கும் என்கார்சியா ஒட்டுண்ணி மருந்தில் முதலில் செத்துவிடும். மஞ்சள் ஒட்டும் பொறிகளை ஏக்கருக்கு எட்டு வீதம் கட்டுவதும், மட்டையில் படியும் கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாப்பசை கரைத்துத் தெளிப்பதும், தோப்பில் கல்வாழை வைத்து ஒட்டுண்ணியைப் பெருக்குவதும் போதும்.

காட்டுப் பக்கத்து எல்லையில் வழக்கமாகச் செய்யும் இரண்டு காரியங்கள் சான்றுக்கும் சட்டத்துக்கும் பொருந்தாதவை. கோடையில் சருகைக் கூட்டித் தீ வைப்பது ஒன்று. காற்று திரும்பினால் மலையே எரியும். சருகை மரத்தைச் சுற்றி மூடாக்காகப் போட்டால் ஈரம் காக்கும். யானைக்கும் பன்றிக்கும் பயந்து வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது மற்றொன்று. 2023-இல் வந்த மாநில விதிகளின்படி சூரிய மின்வேலியைக்கூடப் பதிவு செய்தே போட வேண்டும்.

காய்க்குத்தகையில் உள்ள சிக்கல்

மாந்தோப்பில் சான்று தோற்றுப்போவதற்குப் பூச்சியோ ஆய்வாளரோ காரணம் அல்ல. பெரும்பாலும் குத்தகை முறையே காரணம். பூ எடுத்ததும் அல்லது பிஞ்சு பிடித்ததும் மொத்தமாக ஒரு தொகை பேசி மரத்தை வியாபாரியிடம் ஒப்படைத்துவிடுகிறோம். அதன் பிறகு மருந்தடிப்பதும், காவல் வைப்பதும், பறிப்பதும் அவர். அவருக்கு வேண்டியது அந்த ஒரு போகம். எந்தக் கடையில் என்ன மருந்து வாங்கினார் என்று தோட்டக்காரருக்கே தெரியாது. சான்றோ தோட்டக்காரர் பெயரில் இருக்கும். ஆய்வின்போது இலையிலோ காயிலோ நச்சு எச்சம் தெரிந்தால் மூன்றாண்டு உழைப்பும் போயிற்று; மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். போதாக்குறைக்கு, அணில் கடித்தால் குத்தகைதாரருக்கு நஷ்டம். கவண் எடுப்பவர் அவரே. சாம்பல் நிற அணில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள பிராணி. அதற்குத் தீங்கு நேர்ந்தால் தோப்புக்காரரும் பதில் சொல்ல வேண்டிவரும்.

எனவே சான்று வேண்டுமென்றால் குத்தகையை விட்டுவிட வேண்டும், அல்லது பேச்சை மாற்ற வேண்டும். மருந்தடிப்பு தோட்டக்காரர் கையில், பறிப்பு மட்டும் வியாபாரி கையில் என்று எடைக்கணக்கில் விலை பேசலாம். முன்பணம் இல்லாமல் தோப்பை ஓட்ட முடியாத சிறு விவசாயிக்கு இது கடினம் என்பது தெரிந்ததே. கூட்டுறவுக் கடனோ உற்பத்தியாளர் நிறுவனத்தின் முன்பணமோ அந்த இடத்தை நிரப்பாவிட்டால் சான்றைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

பருத்தி தந்த பாடம்

ராஜபாளையத்து நூற்பாலைகளும், சத்திரப்பட்டி, சமுசிகாபுரத்து மருத்துவத்துணித் தறிகளும் பருத்தியை நம்பியவை. அங்ககப் பருத்திக்கு உலகச் சந்தையில் கிராக்கி இருக்கிறது. மரபணு மாற்றாத விதை வேண்டும் என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் எஸ்.வி.பி.ஆர். ரகங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஆனால் 2020-இல் நடந்ததை மறக்கக் கூடாது. அங்ககத் துணிக்கான உலகத் தர அமைப்பு அந்த ஆண்டு இந்தியாவில் சோதித்தபோது, சுமார் 20,000 டன் பருத்தி போலிப் பரிமாற்றச் சான்றுகளுடன் அங்ககப் பருத்தி என்று கைமாறியிருப்பதைக் கண்டு, பதினொரு நிறுவனங்களைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்க வேளாண்மைத் துறையும், நம் நாட்டு அங்ககச் சான்று முறையை ஏற்கும் உடன்பாட்டை விலக்கிக்கொண்டது. நேர்மையாகப் பயிர் செய்தவரும் இதனால் மறுபடி ஆய்வுக்கும் செலவுக்கும் ஆளானார். தாள் மட்டும் கைமாறும் இடத்தில் சான்றின் மதிப்பு இப்படித்தான் போகும். குழுவில் ஒருவர் இரவில் யூரியா போட்டால் மற்றவர்கள் மறுநாளே கேட்க வேண்டும். கேட்கத் தயங்கும் உறவினர்களை மட்டும் சேர்த்துக் குழு அமைப்பது உதவாது.

செலவுக் கணக்கு

தேசியத் திட்டத்தில் குழுச் சான்றுக்குக் குறைந்தது 25 விவசாயிகள் சேர வேண்டும். 2025-இல் வெளியான புதிய விதிகளின்படி குழு சட்டப்படி பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். உற்பத்தியாளர் நிறுவனங்கள் இதற்குப் பொருத்தமானவை.

கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனை உதாரணம். தனி விவசாயி ஒருவருக்குக் கட்டணம், பதிவேடு, பரிசோதனை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 20,000 ரூபாய் ஆகிறது, தோப்பில் 5 டன் காய் என்று வைத்துக்கொண்டால் கிலோவுக்கு 4 ரூபாய் சான்றுக்கே போகிறது. 25 பேர் சேர்ந்த குழுவுக்கு மொத்தச் செலவு 75,000 ரூபாய், காய் 100 டன் என்றால் கிலோவுக்கு 75 காசு. இதனுடன் மாறுதல் காலத்தில் குறையக்கூடிய மகசூலையும், வேப்பங்கொட்டை இடித்துத் தெளிக்க ஆகும் கூலியையும் கூட்ட வேண்டும். அந்தத் தொகைக்கு மேல் வாங்குபவர் எவ்வளவு தருவார் என்பதை விண்ணப்பம் போடும் முன்பே எழுத்தில் வாங்குவது அவசியம். வாங்குபவர் இல்லாமல் பெறும் சான்று சுவரில் மாட்டத்தான் உதவும். உள்ளூர்ச் சந்தையிலும் உழவர் சந்தையிலும் விற்பவர்கள் பங்கேற்பு உறுதிச் சான்றோடு தொடங்கி, ஏற்றுமதியாளரோ ஆலையோ கையொப்பமிட்ட பிறகு பெரிய சான்றுக்குப் போகலாம்.

தேக்கு, மலைவேம்பு வளர்ப்பவர்கள் மரச்சான்றுக்கு இப்போதே தனியாக அலைய வேண்டாம். வாங்கும் ஆலை கேட்டு, அதுவே குழுவைச் சேர்த்துச் செலவை ஏற்கும்போது சேர்ந்துகொள்ளலாம். ஆந்திரா, தெலங்கானாப் பகுதிகளில் காகித ஆலைக்குத் தைலமரமும் சவுக்கும் வளர்க்கும் விவசாயிகளுக்கு எப்.எஸ்.சி. சான்று வந்தது அப்படித்தான்.

மலையில் வாழும் பளியர் சேகரிக்கும் தேனையும் இங்கே குறிப்பிட வேண்டும். பயிரிடாமல் காட்டில் சேகரிக்கும் பொருளுக்கும் அங்ககச் சான்று தர விதியில் வழியுண்டு. 2006 வன உரிமைச் சட்டப்படி சிறுவனப் பொருள் மீது அவர்களுக்குள்ள உரிமை முதலில் தாளில் உறுதியாக வேண்டும். சான்று பிறகு. வரிசையை மாற்றினால் லாபம் இடைத்தரகருக்குப் போகும்.

சேர விரும்பும் விவசாயிகள் பட்டா, சிட்டா நகல், மண், நீர்ப் பரிசோதனை முடிவு, கடந்த மூன்றாண்டுப் பயிர் விவரம், பண்ணை வரைபடம் ஆகியவற்றுடன் மாவட்ட விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்று உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகலாம். மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் அடுத்த பருவத்துக்குப் பூ எடுக்கும் முன், குத்தகைப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே பதிவு செய்துகொள்வது நல்லது.